‘காரணம்’ என்ற கட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பொதுச் சுகாதாரத் திட்டக் குழுவினருக்கு,

நாள்பட்ட நோயாளிகளைக் கண்காணிக்க நீங்கள் அனுப்பியிருக்கும் புதிய படிவத்தைப் பற்றி எழுதுகிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ஆஸ்துமா என்று நீண்ட நாள் மருந்தில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்வரும் களச் செவிலியர்களில் நான் ஒருத்தி. பழைய படிவத்தில், ஒருவர் மருந்தை விட்டிருந்தாலோ வரச் சொன்ன நாளில் வராமல் போனாலோ, அதற்கு எதிரே ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். சின்னக் கட்டம்தான். நாலு வார்த்தை எழுதலாம். புதிய படிவத்தில் அது இல்லை. ‘ஆலோசனையைப் பின்பற்றுகிறார்’, ‘பின்பற்றவில்லை’ என்ற இரண்டில் ஒன்றைக் குறித்தால் போதும். தொடர்ந்து மூன்று முறை ‘பின்பற்றவில்லை’ என்று வந்தால் அவர் பெயர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்றும், மிச்சமாகும் நேரத்தை ஆர்வமுள்ள நோயாளிகளுக்குச் செலவிடலாம் என்றும் உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது.

இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு கட்டம் போனதற்கா இத்தனை நீள மடல் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்களுக்குத் தெரிந்த முக்கியமான விஷயமெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. ஒருவர் ஏன் மாத்திரையை விடுகிறார், ஏன் நடக்கப் போவதில்லை, ஏன் புகையை விட முடியாமல் தவிக்கிறார் என்பது அவர் மனதுக்குள் மட்டும் முடிவாகிற விஷயம் இல்லை. வீட்டில் இருப்பவர்கள், கூட வேலை செய்பவர்கள், வேலையிடத்து விதிகள், எங்கள் சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரம், குடியிருக்கும் தெரு, நாட்டின் சட்டம் என எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கிறது. புதிய படிவம் இவை அத்தனையையும் அழித்துவிட்டு ஆளை மட்டும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண், ஐம்பது வயதை நெருங்குகிறவர். ரத்த அழுத்தத்துக்காக அவருக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று நீர் பிரியச் செய்யும் மாத்திரை. காலையில் சாப்பிட்டால் அடுத்த சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கும். அவர் வேலை செய்யும் பிரிவில் கழிப்பறைக்குப் போவதென்றால் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போய்வரும் நேரத்தைக் குறித்து வைப்பார்கள். அன்றைய இலக்கு குறைந்தால் அந்தக் குறிப்பைத்தான் முதலில் எடுப்பார்கள். அதனால் வேலை நாட்களில் அவர் அந்த மாத்திரையைத் தொடுவதில்லை, விடுமுறையில் மட்டும் சாப்பிடுவார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டார். சிறுநீர்த் தொற்று வருவதும் போவதுமாக இருந்தது. பரிசோதனைக்கு வந்தால் அழுத்தம் ஏறியிருக்கும். மருத்துவர் கடிந்துகொள்வார். உப்பைக் குறைக்கச் சொல்லும் துண்டறிக்கை ஒன்றை நாங்கள் கையில் கொடுத்து அனுப்புவோம்.

அவருக்குத் தெரியாத எதுவும் அந்தத் துண்டறிக்கையில் இல்லை. கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, அவருடைய அம்மா அப்படித்தான் படுக்கையில் விழுந்தார். பிறகு ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை? பின்னால் வரிசை நிற்கிறது, கதவு பாதி திறந்திருக்கிறது, சொல்ல வேண்டியதோ சிறுநீர் சங்கதி. எப்படிச் சொல்வார்? வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது வெளியே வந்தது. ‘வேலையிடத்தில் கழிப்பறைக்குப் போக முடியவில்லை’ என்று காரணக் கட்டத்தில் எழுதினேன். அதைப் படித்த மருத்துவர் அடுத்த முறை அந்த மாத்திரைக்குப் பதிலாக வேறொன்றை எழுதிக் கொடுத்தார். அழுத்தம் படிப்படியாக இறங்கியது. அன்று உங்கள் புதிய படிவம் என் கையில் இருந்திருந்தால், மூன்றாவது ‘பின்பற்றவில்லை’யோடு அவர் வீட்டுக்குப் போவதையே நிறுத்தியிருப்போம்.

சரி, அவருக்கு மாத்திரையை மாற்றினோம். அதே பிரிவில் அவர் பக்கத்தில் நிற்கும் மற்ற பெண்கள் இன்றும் தண்ணீர் குடிக்காமல்தான் வேலை பார்க்கிறார்கள். மேற்பார்வையாளர் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லவில்லை. மணிக்கு இத்தனை முடிய வேண்டும் என்று அவருக்கும் மேலேயிருந்து வருகிறது. மேலே இருப்பவர்களுக்குக் கொள்முதல் செய்பவர் கொடுத்த கெடு. இடைவேளை பற்றிய விதி காகிதத்தில் இருந்தாலும், நடக்கிறதா என்று பார்க்க வரும் ஆய்வாளர் யார், எப்போது வருவார்? ஒரு மாத்திரை வாய்க்குள் போகாததற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது செய்யக்கூடிய ஒருவரும் இருக்கிறார். அவர் யார் என்று தேடிப் போக நமக்கிருந்த ஒரே தடயம் அந்த நாலு வார்த்தைதான்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. உங்கள் குழுவில் பலர் பொதுச் சுகாதாரம் படித்தவர்கள், 1988-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் கென்னத் மெக்லிராயும் அவருடைய சகாக்கள் மூவரும் எழுதிய கட்டுரையைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். தனி மனிதர், அவருடைய நெருங்கிய உறவுகள், நிறுவனங்கள், சமூகம், பொதுக் கொள்கை என்று ஐந்து அடுக்குகளாக அவர்கள் நலப் பழக்கங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். வாழ்க்கை முறையை மாற்று என்று ஆளிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பது, பாதிக்கப்பட்டவர் மேலேயே பழியைப் போடுவதில் முடியும் என்ற கவலையையும் அதே கட்டுரை பேசுகிறது. உங்கள் படிவம் அந்த ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் விட்டுவிட்டது.

மருந்து விஷயத்துக்கே வருகிறேன். நீண்டகால மருந்துகளைச் சொன்னபடி சாப்பிடுவது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2003-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 விழுக்காட்டினர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. பொருளாதார, சமூகச் சூழல், மருத்துவ அமைப்பு, நோயின் தன்மை, சிகிச்சையின் தன்மை, நோயாளி என ஐந்து வகைக் காரணங்களை அது வரிசைப்படுத்துகிறது. நோயாளி அதில் ஒரு வகை மட்டுமே. பொறுப்பு முழுக்க நோயாளியுடையது என்று நினைப்பது தவறான வழிகாட்டும் என்றும் அந்த அறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. பாதிப் பேர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட முடியாமல் இருக்கிறார்கள் என்றால், பாதிப் பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவதா அதற்கு வழி?

பழைய படிவங்களில் நானும் என் தோழிகளும் எழுதிய வேறு சில காரணங்களையும் நீங்கள் பார்க்க வேண்டும். கணவன், மனைவி இருவருக்கும் சர்க்கரை நோய். பெயர் பதிந்திருப்பது ஒருவருக்குத்தான். வருகிற மாத்திரையை இருவரும் பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள். இன்னொருவரை நடக்கச் சொல்கிறோம், வீட்டு வாசலிலேயே நெடுஞ்சாலை, நடைபாதை கிடையாது, வேலை முடிந்து வரும் நேரத்தில் தெருவிளக்கும் எரிவதில்லை. பார்வை மங்கிய முதியவர் ஒருவர் எந்த மாத்திரை எப்போது என்று மகள் வந்தால்தான் சாப்பிடுவார், மகளுக்கு இரவு வேலை. ஆஸ்துமாவுக்கு மூச்சிழுப்பான் வாங்கிய ஒரு பெண் அதை மாமியார் கண்ணில் படாமல் வைத்திருக்கிறார், நோய் இருப்பது தெரிந்தால் வீட்டில் பேச்சு வரும் என்ற பயம். இவர்கள் எல்லாருக்கும் புதிய படிவத்தில் ஒரே குறிதான்.

எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் எழுதியவற்றில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வந்த காரணம் எங்கள் சுகாதார நிலையத்தைப் பற்றியதே. வெளிநோயாளிகள் பிரிவு காலையில் திறந்து மதியத்தோடு மூடிவிடுகிறது. அன்றாடக் கூலிக்குப் போகிறவர் ஒருவர் மருந்து வாங்க வந்தால் அன்றைய கூலி போயிற்று. ஒரு மாதத்துக்கு மேல் மருந்து கொடுப்பதில்லை என்பதால் மாதாமாதம் இந்த இழப்பு. நிலையாக மருந்தில் இருப்பவருக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது பல நாடுகளில் நீண்டகால நோய்களுக்கு வழக்கமாகிவிட்டது. நம்முடைய நேரத்தையும் விதியையும் நாம் வைத்தோம், அவற்றால் வர முடியாமல் போனவர் பெயருக்கு எதிரே ‘பின்பற்றவில்லை’ என்று குறிக்கிறோம். இந்த அநியாயத்தை எப்படி நியாயப்படுத்துவீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்.

மன உறுதி இருந்தால் எதையும் செய்யலாம் என்ற வாதம் எங்கள் பயிற்சி வகுப்பில் வைக்கப்பட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. லண்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. எல்லாரும் நிலையான வேலையில் இருந்தவர்கள், இலவச மருத்துவம் பெற்றவர்கள். கடைநிலையில் இருந்தவர்கள் இதய நோயால் இறப்பது மேல்நிலை அதிகாரிகளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தலும் பதவி இறங்க இறங்கக் கூடியது. புகை, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். மன உறுதி அவரவர் சொந்தச் சொத்து என்றால், அது எப்படி ஓர் அலுவலகத்தின் பதவி வரிசைப்படி இறங்கிக்கொண்டே போகும்? கடைநிலை ஊழியராகச் சேர்கிற எல்லாரும் உறுதி குறைந்தவர்களாகவே பிறந்தார்களா?

புகையைப் பற்றி இன்னும் ஒன்று. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊர்க்காரர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனிக்கும் இதய ஆய்வில் 1971 முதல் 2003 வரை திரட்டிய தரவுகளை வைத்து கிறிஸ்டாக்கிஸ், ஃபவுலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 12,067 பேரின் உறவு வலையை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். வாழ்க்கைத் துணை புகையை விட்டால் மற்றவர் புகைப்பதற்கான வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது, நண்பர் விட்டால் 36 விழுக்காடு, சிறிய நிறுவனத்தில் கூட வேலை செய்பவர் விட்டால் 34 விழுக்காடு. ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுவது இதில் எவ்வளவு, ஏற்கெனவே ஒரே மாதிரி ஆட்கள் நட்பாவது எவ்வளவு என்ற வாதம் ஆய்வாளர்களிடையே உண்டு. களத்தில் நான் பார்த்தவரை இரண்டுமே இருக்கிறது. வேலையிடத்தில் புகைக்கப் போகிறவர்களுக்குத்தான் ஐந்து நிமிட ஓய்வு கிடைக்கிறது, விட்டவனுக்கு ஓய்வும் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை என்று என்னிடம் ஒருவர் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தை எல்லாருக்கும் கொடுக்காமல், அவர் கையில் புகைப்பழக்கத்தின் தீமைகள் பற்றிய அட்டையைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

ஆளோடு மட்டும் நிற்காமல் சூழலையும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சாட்சி பின்லாந்தின் வடக்குக் கரேலியா. இதய நோயால் ஆண்கள் நடுவயதிலேயே இறப்பதில் உலகிலேயே மிக மோசமான இடங்களில் ஒன்றாக அது இருந்தது. அங்கிருந்தவர்களே 1971-இல் அரசுக்கு மனு கொடுத்தார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் திட்டம் தொடங்கியது. அவர்கள் நோயாளிகளோடு மட்டும் பேசவில்லை. பால் பண்ணைகளோடு பேசினார்கள், இறைச்சி பதப்படுத்தும் ஆலைகளிடம் கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் சொன்னார்கள், இல்லத்தரசிகளின் சங்கத்தைக் கூட்டுச் சேர்த்து வீட்டுச் சமையலை மாற்றினார்கள், ஊரில் மதிக்கப்பட்டவர்களைத் தன்னார்வலர்களாக்கினார்கள். பால் கொழுப்பை நம்பிப் பிழைத்த விவசாயிகள் பெர்ரி பயிரிடவும் உதவி செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிச் செயல்தான். நல்ல பழக்கத்தால் யாருடைய பிழைப்பு கெடும் என்று யோசித்து, அவருக்கும் வழி தேடியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அந்த மக்களுக்குத் திடீரென்று மன உறுதி பெருகிவிட்டதா என்ன?

அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த 4,498 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். உணவு பற்றியோ உடற்பயிற்சி பற்றியோ ஆலோசனை சொல்வது அந்தத் திட்டத்தின் வேலையே இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த உதவி பெற்ற பெண்களிடையே கடும் உடற்பருமனும் நீரிழிவும் உதவி பெறாதவர்களைவிட ஏறக்குறைய 4 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்தன. பிரிட்டனில் சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு வரி வரப்போகிறது என்று 2016-இல் அறிவித்ததுமே, 2018 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வருவதற்குள் பல நிறுவனங்கள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்தன. குடிப்பவருக்கு யாரும் ஒரு துண்டறிக்கைகூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். சாலையும் தொழிற்சாலையும் வரியும் உங்கள் அதிகாரத்தில் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவற்றைப் பற்றி எழுத்தில் கேட்கும் தகுதி உங்கள் கையெழுத்துக்கு இருக்கிறது, என் கையெழுத்துக்கு இல்லை. எல்லாத் துறைகளின் கொள்கையிலும் உடல்நலத்தைக் கொண்டுவர வேண்டும் என்று 1986-இல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் உருவான ஒட்டாவா சாசனம் சொல்லி எத்தனை காலமாகிறது! கைப்பட எழுதும் காரணங்களைக் கணினியில் எண்ண முடியாது என்பதும் உங்கள் மறுப்பாக இருக்கலாம். எண்ண வசதியாக வகைகளை நீங்களே வையுங்கள், நாங்கள் குறிக்கிறோம், கூடவே எழுதவும் இரண்டு வரி இடம் கொடுங்கள். எண்ணச் சுலபமானதை மட்டும் எண்ணினால் கடைசியில் நம் கையில் இருக்கப் போவது நோயாளிகளின் குற்றப் பட்டியல்தான்.

எல்லாரும் சூழ்நிலையின் கைதிகள் என்று நான் வாதிடவில்லை. சொன்னதைக் கேட்கவே மாட்டேன் என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் யார், வழியில்லாமல் விட்டவர் யார் என்று பிரித்துச் சொல்லத்தான் அந்தக் கட்டம் இருந்தது. பணத் தட்டுப்பாடே ஒருவரின் சிந்தனைத் திறனைக் குறைக்கிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், அறுவடைக்கு முன் கையில் காசில்லாதபோது குறைவாக மதிப்பெண் பெற்ற அதே ஆட்கள் அறுவடைக்குப் பின் கூடுதலாகப் பெற்றார்கள். திட்டமிட்டு நடக்கவில்லை என்று ஒருவரைக் குறை சொல்லும் முன், அந்த மாதம் அவருக்கு எப்படிப்பட்ட மாதம் என்று நாம் கேட்க வேண்டாமா?

நான் கேட்பது இவைதான்.

‘காரணம்’ என்ற கட்டத்தை அடுத்த படிவம் அச்சாகும் முன் திரும்ப வையுங்கள். குடும்பம், வேலையிடம், மருத்துவ நிலையம், வசிப்பிடம், பணம், நோயாளியின் விருப்பம் என்று குறைந்தது ஆறு வகைகள் அதில் இருக்கட்டும். அதுவரை ‘பின்பற்றவில்லை’ என்ற குறியை வைத்து யாருடைய பெயரையும் நீக்கக் கூடாது என்று உடனே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஏற்கெனவே நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேருங்கள். மூன்று முறை பின்பற்றாதவரின் வீட்டுக்கு நாங்கள் அடிக்கடி போக வேண்டும் என்றுதான் விதி இருக்க வேண்டும், போகக் கூடாது என்று அல்ல.

வாரத்தில் இரண்டு நாளாவது மாலையில் சுகாதார நிலையம் திறந்திருக்க உத்தரவிடுங்கள். அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க அனுமதியுங்கள். இவை இரண்டும் முழுக்க உங்கள் கையில் இருப்பவை, வேறு எந்தத் துறையையும் கேட்க வேண்டியதில்லை.

எழுதப்படும் காரணங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொகுத்து, தொழிலாளர் துறைக்கும் சாலை, தெருவிளக்குகளுக்குப் பொறுப்பான உள்ளாட்சி அமைப்புக்கும் எழுத்தில் அனுப்புங்கள். ஆட்களின் பெயரும் அடையாளமும் அதில் இருக்கக் கூடாது, இடத்தின் பெயர் இருக்க வேண்டும். அவர்கள் என்ன பதில் தந்தார்கள் என்பதை எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள். அந்தத் தொகுப்பைத் தயாரிக்கும் கூட்டத்தில் களச் செவிலியர் ஒருவரும் நோயாளிகள் தரப்பில் ஒருவரும் உட்கார வேண்டும்.

எங்கள் வேலையை எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம், எத்தனை பேருக்கு வகுப்பெடுத்தோம் என்று அளப்பதை நிறுத்துங்கள். எத்தனை தடைகளைக் கண்டு சொன்னோம், அவற்றில் எத்தனை நீங்கின என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எங்களிடமும் கேளுங்கள், உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, மறுத்தால் என்ன காரணம் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு களச் செவிலியர்